ஆணழகன் மேடையின் பின்பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கட்டுப் போட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் வரும். எல்லோரிலும் பெரியவர் யார்? என்ன மருந்து எடுத்துக்கொண்டார்? இவற்றைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. அந்த மேடையைப் போட்டவர் யார், யார் பணத்தில் போட்டார், எதை விற்பதற்காகப் போட்டார்? 1901 முதல் இன்றுவரை நடந்ததை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தால், புரியாத தீர்ப்புகள் பலவும் புரியத் தொடங்கும்.

முதல் போட்டி எப்போது நடந்தது?

பெரிய அளவில் நடந்த முதல் போட்டி என்று வரலாறு ஏற்றுக்கொள்வது 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததைத்தான். நடத்தியவர் யூஜென் சாண்டோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர் என்ற பெயரில் பிறந்து, பலசாலி வித்தைக்காரராக மேடையேறி, தன் உடலையே பெரும் வணிகமாக மாற்றிக்கொண்ட மனிதர் அவர். பயிற்சிப் பள்ளிகள், தபால் வழிப் பயிற்சி, உடற்பயிற்சிக் கருவிகள், சொந்தப் பத்திரிகை என்று எல்லாம் அவரிடம் இருந்தன.

போட்டி அறிவிப்பு வந்தது அந்தப் பத்திரிகையில்தான். பிரிட்டனின் ஒவ்வொரு கவுன்டியிலும் தேர்வு நடத்தி, மூன்று ஆண்டுகள் கழித்து 60 பேரை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுவந்தார். மேடைக்கு வந்தவர்கள் கறுப்பு டைட்ஸ் அணிந்து, இடுப்பில் சிறுத்தைத் தோல் கட்டியிருந்தார்கள். நடுவர்கள் மூவர்: சிற்பி சர் சார்லஸ் லாஸ், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாய்ல், மூன்றாவதாகச் சாண்டோவே. வென்றவர் நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மர்ரே. அவருக்குப் பரிசாகக் கிடைத்த பொன்னிறச் சிலையும் சாண்டோவின் உருவம்தான்! வசூல் போர் நிவாரண நிதிக்குப் போனது. நல்ல காரியம்தான். ஆனாலும் போட்டியை அறிவித்த பத்திரிகை, மேடை, நடுவர் நாற்காலி, பரிசுச் சிலை என்று எல்லாவற்றிலும் ஒரே மனிதர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். இந்த விளையாட்டு பிறந்ததே இப்படித்தான்.

அமெரிக்காவுக்கு இது எப்படிப் போனது?

அங்கேயும் ஒரு பத்திரிகை முதலாளி வழியாகத்தான். பெர்னார் மெக்ஃபேடன் உடல்நலப் பத்திரிகை நடத்தியவர். 1903 டிசம்பர் கடைசியிலும் 1904 ஜனவரித் தொடக்கத்திலுமாக நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் நடத்திய போட்டியில் ஆல் ட்ரெலோர் 1,000 டாலர் வென்றார். பிறகு 1921, 1922 ஆண்டுகளில் மெக்ஃபேடன் நடத்திய போட்டிகளில் வென்றவர் ஆஞ்செலோ சிசிலியானோ என்ற இத்தாலிய இளைஞர். உலகம் அவரை சார்லஸ் அட்லஸ் என்ற பெயரில் அறியும். 1929இல் சார்லஸ் ரோமன் என்ற விளம்பரக்காரருடன் கூட்டுச் சேர்ந்தார் அட்லஸ். நோஞ்சான் பையன் ஒருவன் கடற்கரையில் அவமானப்பட்டு, பிறகு உடலைத் தேற்றிக்கொண்டு திரும்பி வரும் படக்கதை விளம்பரம் அவர்களுடையதுதான். போட்டியில் கிடைத்த பட்டம் அட்லஸுக்குச் சோறு போடவில்லை. அதை வைத்து விற்ற தபால் பாடம்தான் போட்டது. பின்னால் வந்த பலரும் நடந்தது இதே பாதையில்தான்.

மிஸ்டர் அமெரிக்கா போட்டியைப் பளுதூக்கும் சங்கம் நடத்தியது ஏன்?

அப்போது அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுகளுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக இருந்தது ஏஏயூ. பளுதூக்குதல் அதன் கையில் இருந்தது. ஆணழகன் போட்டியை அது தனி விளையாட்டாக மதிக்கவே இல்லை. பளுதூக்கும் போட்டிகள் எல்லாம் முடிந்து, இரவு வெகுநேரம் ஆன பிறகு ஆணழகன் போட்டியை வைப்பார்கள். கூட்டம் காத்திருந்தது கடைசி நிகழ்ச்சிக்குத்தான் என்பது பளுதூக்குதல்காரர்களுக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

ஜான் கிரிமெக் 1940, 1941 இரண்டு ஆண்டுகளும் வென்றார். இவரை விட்டால் வேறு யாரும் வெல்ல முடியாது என்று தோன்றியதால், ஒருமுறை வென்றவர் மறுபடி கலந்துகொள்ளக் கூடாது என்று விதியே கொண்டுவந்தார்கள்.

மதிப்பெண் முறையில்தான் பெரிய சிக்கல் இருந்தது. உடலுக்கு மட்டுமல்லாமல் விளையாட்டுத் திறனுக்கும், குணநலன், பேச்சு போன்றவற்றுக்கும் இடம் இருந்தது. ஒரு மனிதரின் ‘குணத்தை’ மேடையில் எப்படி அளப்பது? அளக்க முடியாத இடத்தில் பாரபட்சம் எளிதாக நுழையும். கறுப்பின வீரர்கள் ‘மிகுந்த தசை வளம்’ என்ற துணைப் பரிசை வாங்கிக்கொண்டு, முதல் பட்டம் கிடைக்காமல் திரும்பிய ஆண்டுகள் பல. 1966இல் செர்ஜியோ ஒலிவாவுக்கும் இதுவே நடந்தது: தசைக்கான பரிசு கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. கியூபாவின் பளுதூக்கும் வீரரான அவர், 1962இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த போட்டிக்கு வந்தபோது தப்பி அடைக்கலம் தேடியவர். ஏஏயூவை விட்டு விலகி, அடுத்த ஆண்டே எதிர்முகாம் நடத்திய மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் பட்டம் வென்றார். மிஸ்டர் அமெரிக்கா பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர் கிறிஸ் டிக்கர்சன். அது நடந்தது 1970இல். அத்தனை தாமதத்துக்கு அந்தச் சங்கம் கடைசிவரை நேர்மையான பதில் எதையும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஹாஃப்மனுக்கும் வைடருக்கும் அப்படி என்ன பகை?

பாப் ஹாஃப்மன் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பார்பெல் தொழிற்சாலை வைத்திருந்தவர், 1932 முதல் பத்திரிகையும் நடத்தியவர். அமெரிக்கப் பளுதூக்கும் அணியே அவர் கைக்குள் இருந்தது. ஏஏயூவில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஜோ வைடர் மான்ட்ரியாலைச் சேர்ந்த ஏழை யூதக் குடும்பத்துப் பையன். 1940இல் கையில் இருந்த சொற்பக் காசில் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். அவரும் பின்னாளில் பளுதூக்கும் எடைகளை விற்றார், புரதப் பவுடர் விற்றார். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கடைகள் போட்டியிட்டன என்பதுதான் பகையின் அடித்தளம். அதன் மேல் கொள்கைச் சண்டையும் இருந்தது. உடல் வலிமைக்குப் பயன்பட வேண்டும் என்றார் ஹாஃப்மன். அழகான உடலே ஒரு சாதனைதான் என்றார் வைடர். இருவரும் தத்தம் பத்திரிகையில் மற்றவரைத் திட்டி எழுதிய பக்கங்களுக்குக் கணக்கே இல்லை.

1946இல் ஜோவும் தம்பி பென்னும் மான்ட்ரியாலில் நடத்திய போட்டிக்கு ஏஏயூ தரப்பு கடைசி நேரத்தில் அனுமதி மறுத்தது, கலந்துகொள்பவர்களைத் தடை செய்வோம் என்று மிரட்டியது, அந்த இரவே ஐஎஃப்பிபி என்ற சர்வதேச உடற்கட்டுச் சங்கம் பிறந்தது: இப்படித்தான் வைடர் சகோதரர்கள் சொல்லி வந்தார்கள். ஜோ பத்திரிகையையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டார். பென் நாடு நாடாகச் சென்று கிளைகள் அமைத்தார். ஒலிம்பிக்கில் இடம் வாங்க வேண்டும் என்பது பென்னின் வாழ்நாள் ஆசை. 1998இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

மிஸ்டர் யூனிவர்ஸ், மிஸ்டர் ஒலிம்பியா: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மிஸ்டர் யூனிவர்ஸ் 1948இல் லண்டனில் தொடங்கியது. முதல் ஆண்டில் கிரிமெக் வென்றார், ஸ்டீவ் ரீவ்ஸ் இரண்டாம் இடம். பிறகு நாபா என்ற பிரிட்டிஷ் சங்கம் அதை நடத்தியது. உயரப் பிரிவுகள் இருந்ததால் குள்ளமானவர்களுக்கும் வாய்ப்பு இருந்தது. இந்தியர்களான மனோதோஷ் ராய் 1951இலும் மனோகர் ஆய்ச் 1952இலும் தத்தம் பிரிவில் வென்றது இந்த மேடையில்தான். ஆய்ச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். விமானப்படையில் இருந்தபோது பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனவர். அந்தச் சிறையில், கருவி எதுவும் இல்லாமல், மணிக்கணக்காகப் பயிற்சி செய்து உடலை வளர்த்தார். 1951இல் இரண்டாம் இடம் கிடைத்ததும் ஊர் திரும்பாமல் லண்டனில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே மறு ஆண்டுக்குத் தயாரானார். 104 வயது வரை வாழ்ந்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

மிஸ்டர் ஒலிம்பியாவோ வைடரின் யோசனை. யூனிவர்ஸ் வென்றவர்களுக்கு அடுத்த படி இல்லை, அதனால் சாம்பியன்கள் ஓய்ந்துவிடுகிறார்கள் என்று பார்த்தார். 1965 செப்டம்பர் 18 அன்று நியூயார்க் புரூக்ளினில் முதல் போட்டி நடந்தது. லாரி ஸ்காட் வென்றார். பரிசு ஒரு கிரீடம் மட்டுமே. மறு ஆண்டுதான் 1,000 டாலர் வந்தது.

ஸ்டீராய்டு எப்போது உள்ளே வந்தது?

ஆணழகன் மேடை வழியாக அல்ல, பளுதூக்கும் மேடை வழியாக வந்தது. 1954இல் வியன்னாவில் உலகப் பளுதூக்கும் போட்டி. அமெரிக்க அணியின் மருத்துவர் ஜான் ஜீக்லர், மது அருந்தியபடி சோவியத் மருத்துவர் ஒருவரிடம் பேசியபோது, சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்துக்கொள்வதைத் தெரிந்துகொண்டார். 1958இல் சீபா மருந்து நிறுவனம் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜீக்லர் அதை யார்க் நகர வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

அதே வீரர்கள் அதே சமயத்தில் ஐசோமெட்ரிக் பயிற்சியும் செய்துகொண்டிருந்தார்கள். அசையாத கம்பியைச் சில வினாடிகள் முழு பலத்தோடு தள்ளும் பயிற்சி அது. வீரர்களின் வலிமை மளமளவென்று ஏறியது. ஹாஃப்மனின் பத்திரிகை இந்த அற்புதம் ஐசோமெட்ரிக் பயிற்சியால் வந்தது என்று எழுதியது. அந்தக் கம்பிச் சட்டகத்தை அவருடைய நிறுவனமே விற்றது. வாங்கியவர்கள் வீட்டில் தள்ளு தள்ளு என்று தள்ளியும் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் மாத்திரை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. மருந்தை மறைத்துப் பொருளை விற்கும் வழக்கத்துக்கு இது மோசமான முன்மாதிரியாகிவிட்டது. சாம்பியனின் தோளைக் காட்டி, அது பவுடரால் வந்தது என்று விற்ற விளம்பரங்கள் எல்லாம் இதன் வாரிசுகள். வீரர்கள் அளவு தெரியாமல் மாத்திரைகளை விழுங்குவதைப் பார்த்த ஜீக்லர், பின்னாளில் தான் செய்ததற்காக மிகவும் வருந்தினார்.

நடுவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள்?

ஒவ்வொரு நடுவரும் மதிப்பெண் போடுவதில்லை, வரிசை எண் போடுகிறார். முதல் இடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2. மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டுவார்கள். குறைந்த எண் வைத்திருப்பவர் வெற்றியாளர்.

பார்வையாளர்களுக்கு அதிகம் தெரியாத விஷயம் முன்தேர்வுச் சுற்று. ஆரவாரமும் இசையும் இரவில் இருந்தாலும், தீர்ப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே இந்தச் சுற்றில் முடிந்துவிடும். நடுவர்கள் ஐந்தாறு பேரை முன்னே அழைத்து, இரு கை மடக்கு, முதுகு விரிப்பு, பக்கவாட்டு மார்பு என்று கட்டாய போஸ்களைக் கேட்பார்கள். முதல் அழைப்பில் யார் பெயர் வருகிறது, யாரை நடுவில் நிறுத்துகிறார்கள், யாரை ஓரத்துக்கு நகர்த்துகிறார்கள் என்று பார்த்தாலே பழகிய கண்ணுக்கு முடிவு தெரிந்துவிடும். ‘இயல்பாக நில்லுங்கள்’ என்று சொல்லும்போதும் யாரும் இயல்பாக நிற்பதில்லை. தொடையை இறுக்கி, முதுகை விரித்து, வயிற்றை உள்ளிழுத்து, முகத்தில் சிரிப்போடு நிமிடக்கணக்கில் நிற்க வேண்டும்.

1980 சிட்னி போட்டியில் உண்மையில் என்ன நடந்தது?

1975இல் ஆறாவது முறை ஒலிம்பியா வென்றுவிட்டு ஓய்வு பெற்றவர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர். 1980இல் சிட்னி ஓப்பரா ஹவுஸில் போட்டி. அவர் வர்ணனை செய்ய வருகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில்தான் அவரும் போட்டியிடுகிறார் என்று தெரிந்தது. திரைப்படத்துக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர், சில வாரத் தயாரிப்பில் மேடைக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள்.

1974 முதல் 1979 வரை 200 பவுண்டுக்கு மேல், கீழ் என்று இரண்டு எடைப் பிரிவுகள் இருந்தன. 1980இல் அவை நீக்கப்பட்டன. போட்டிக்கு முன் நடந்த வீரர்கள் கூட்டத்தில் விதிகளைப் பற்றி வாக்குவாதம் எழுந்தது. 1979இல் கனரகப் பிரிவை வென்ற மைக் மென்ட்சருக்கும் அர்னால்டுக்கும் பேச்சு தடித்தது. போட்டி அமைப்பாளர் அர்னால்டின் நெருங்கிய நண்பர். நடுவர்களிலும் அவருக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள்.

முடிவு: அர்னால்டு முதலிடம், கிறிஸ் டிக்கர்சன் இரண்டு, மூன்று ஆண்டு சாம்பியன் ஃபிராங்க் ஜேன் மூன்று, மென்ட்சர் ஐந்து. அரங்கத்திலேயே எதிர்ப்புக் குரல் கிளம்பியது. அந்த நாளின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு அர்னால்டின் மார்பும் கையும் பிரமிப்பூட்டும், தொடை ஏமாற்றும். டிக்கர்சனுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மென்ட்சர் அதன் பிறகு மேடை ஏறவே இல்லை. ஜேன் உட்படச் சிலர் மறு ஆண்டுப் போட்டியைப் புறக்கணித்தார்கள். அந்த 1981 போட்டி கொலம்பஸ் நகரில் நடந்தது. நடத்தியவர்களில் ஒருவர் அர்னால்டு, வென்றவர் அவருடைய உற்ற தோழர் ஃபிராங்கோ கொலம்பு. அப்போதும் டிக்கர்சன் இரண்டாம் இடம்! கடைசியில் 1982இல், 43 வயதில், அவருக்குப் பட்டம் கிடைத்தது.

1977இல் வந்த ‘பம்பிங் அயர்ன்’ ஆவணப்படத்தில் காட்டியதெல்லாம் உண்மையா?

போட்டி உண்மை. 1975இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்ததைத்தான் படமாக்கினார்கள். மற்றவற்றில் கற்பனை கலந்திருக்கிறது. போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்ததால் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை என்று அர்னால்டு படத்தில் சொல்லும் கதை உண்மையல்ல என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். மைக் கேட்ஸ் என்ற வீரரின் சட்டையை ஒளித்து வைக்கப் போவதாக சக போட்டியாளர் கென் வாலர் திட்டமிடும் காட்சி, போட்டி முடிந்த பிறகு படமாக்கி முன்னால் சேர்க்கப்பட்டது. படம் முடியாமல் பணம் தீர்ந்தபோது, 1976இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் அர்னால்டு, ஜேன், எட் கோர்னி மூவரையும் மேடையேற்றி, கலை வரலாற்றுப் பேராசிரியர்களைப் பேச வைத்து நிதி திரட்டினார்கள். பளுதூக்கும் போட்டியின் வாலாக இருந்த ஒன்றை ஓவியக் கூடத்துக்குள் கொண்டுபோன அந்த மாலை, பல ஒலிம்பியாக்களைவிட இந்த விளையாட்டுக்கு அதிகம் செய்தது.

வைடரை எதிர்த்து யாரும் போட்டி அமைப்பு தொடங்கவில்லையா?

தொடங்கினார்கள். மிகப் பெரிய முயற்சி மல்யுத்தக் காட்சிகளை நடத்திவந்த வின்ஸ் மெக்மேனுடையது. 1990 ஒலிம்பியா சிகாகோவில் நடந்தது. மெக்மேன் தரப்பு புதுப் பத்திரிகை என்ற பெயரில் அங்கே இடம் எடுத்திருந்தது. பேச அழைக்கப்பட்ட முன்னாள் வீரர் டாம் பிளாட்ஸ், வைடரின் மேடையிலேயே புது அமைப்பை அறிவித்தார். அரங்கம் முழுக்கத் துண்டுப் பிரசுரம் பறந்தது.

13 வீரர்களுக்குச் சம்பள ஒப்பந்தம். 1991 ஜூன் 15 அன்று அட்லாண்டிக் சிட்டியில் முதல் போட்டி. கேரி ஸ்ட்ரைடம் வென்றார், மறு ஆண்டும் அவரே. அதற்குள் மெக்மேனின் மல்யுத்தத் தொழிலை ஸ்டீராய்டு விசாரணை சூழ்ந்துகொண்டதால் கடுமையான மருந்துப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். வழக்கமான பருமன் இல்லாத உடல்களைக் காசு கொடுத்துப் பார்க்கத் தொலைக்காட்சியில் ஆள் இல்லை. 1992 ஜூலையில் கடை மூடப்பட்டது. இதற்கும் பின்னால் ஒரு பவுடர் நிறுவனம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த வீரர்கள் ஐஎஃப்பிபிக்கு அபராதம் கட்டிய பிறகுதான் மேடையேறினார்கள். 2006இல் ஐஎஃப்பிபியின் முன்னாள் நிர்வாகி வெய்ன் டிமிலியா இன்னொரு அமைப்பு தொடங்கியபோதும், அதில் போட்டியிட்ட லீ பிரீஸ்டுக்குத் தடை விழுந்தது. சாம்பியன்களுக்குச் சங்கம் இல்லை, பேரம் பேசும் பலமும் இல்லை.

மருந்துப் பரிசோதனை நடந்ததே இல்லையா?

1990இல் நடந்தது. அந்த ஆண்டு ஓஹியோவில் நடந்த அர்னால்டு கிளாசிக் போட்டியில் ஷான் ரே வென்றார், பரிசோதனையில் தோற்றுப் பட்டத்தை இழந்தார், மைக் ஆஷ்லி வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டது. ஒலிம்பியாவிலும் பரிசோதனை நடந்து நான்கு பேர் நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு அது கைவிடப்பட்டது. பரிசோதனையோடு நடக்கும் இயற்கை உடற்கட்டு அமைப்புகள் தனியே உண்டு. அவற்றில் சில சிறுநீர்ப் பரிசோதனையோடு பொய்யறியும் கருவியையும் பயன்படுத்துகின்றன.

போட்டிக்கு முந்தைய நாட்களில் திரைக்குப் பின்னால் என்ன நடக்கும்?

இதைப் பார்க்காதவர்களுக்கு உடற்கட்டுப் போட்டியைப் பற்றி முழுதாகத் தெரியாது என்பேன். மேடையில் மிக வலிமையானவராகத் தெரியும் மனிதர், அந்த நாளில்தான் ஆண்டிலேயே மிகப் பலவீனமாக இருப்பார். வாரக்கணக்கில் குறைந்த உணவு. தோலுக்கும் தசைக்கும் இடையில் நீர் தங்கினால் கோடுகள் மங்கும் என்று கடைசி நாட்களில் தண்ணீரையும் உப்பையும் குறைப்பார்கள். அறை முழுக்கச் சாய வாடை. பூசிய பழுப்பு நிறம் வியர்வையில் வழியாதிருக்க, துண்டு விரித்து, காலை உயரத்தில் வைத்துப் படுத்திருப்பார்கள். அழைப்பு வரும் நேரத்தில் அரிசிப் பொரி அடையில் ஜாம் தடவி ஒரு கடி. ரத்த நாளம் புடைக்க ஒயின் ஒரு வாய் குடிப்பவர்களும் உண்டு. பிறகு இழுவை ரப்பரும் லேசான டம்பெல்லும் கொண்டு தோளையும் கையையும் ஊதச் செய்வார்கள். தொடையை மட்டும் தொடமாட்டார்கள். அதில் ரத்தம் ஏறினால் வெட்டுக் கோடுகள் மறையும்.

இதற்குமேல் நீரிறக்க மாத்திரை சேர்ந்தபோது உயிரே போனது. முகமது பெனாசிசா 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் போட்டி முடிந்த கையோடு இறந்தார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் மியுன்சர் 1996 மார்ச்சில், அர்னால்டு கிளாசிக் முடிந்து இரண்டு வாரத்துக்குள், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார். வயது 31. 1994 அர்னால்டு கிளாசிக்கில் பால் டிலெட் போஸ் கொடுத்தபடியே உடல் முழுக்கத் தசை இறுகி, அசைய முடியாமல் நின்றுவிட்டார். சிலையைத் தூக்குவது போல அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியைச் சிரிப்புக்காகப் பகிர்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த இடத்தில் அவர் இதயமும் நின்றிருக்கலாம்.

சாம்பியன்களுக்கு வருமானம் எங்கிருந்து?

பரிசுத் தொகையிலிருந்து மிகக் குறைவு. 2024 ஒலிம்பியாவில் சாம்சன் டவுடா 6,00,000 டாலர் வாங்கினார். ஆனால் கீழே இறங்க இறங்கத் தொகை வேகமாகச் சரியும். விளம்பர ஒப்பந்தம், சிறப்பு விருந்தினராக மேடையேறுவது, பயிற்சி வகுப்பு, இப்போது காணொளி என்று பிழைப்பு ஓடுகிறது. 1968இல் வைடர் அர்னால்டை அமெரிக்காவுக்கு அழைத்து வாரச் சம்பளம் கொடுத்ததற்கு ஈடாகக் கேட்டது படங்களும் பத்திரிகைக் கட்டுரைகளும்தான். எட்டு முறை வென்ற ரானி கோல்மன் டெக்சாஸில் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டேதான் சாம்பியன் ஆனார். பின்னாளில் முதுகில் அறுவை மேல் அறுவை.

பெண்கள் பிரிவு ஏன் நின்றது, எப்படித் திரும்பியது?

தொடக்கம் முதலே பெண்களிடம் இரண்டு முரணான விஷயங்களைக் கேட்டார்கள்: தசை வேண்டும், ஆனால் ‘பெண்மை’ குறையக் கூடாது. ஆரம்பகாலப் போட்டிகளில் குதிகால் உயர்ந்த செருப்போடு நிற்க வேண்டும், முஷ்டியை மடக்கக் கூடாது. முஷ்டி மடக்காமல் கைத்தசையை எப்படிக் காட்டுவது? 1980இல் முதல் மிஸ் ஒலிம்பியாவை ரேச்சல் மெக்லிஷ் வென்றார். 1983இல் ஆஸ்திரேலியப் பவர்லிஃப்டிங் வீராங்கனை பெவ் ஃபிரான்சிஸ் லாஸ் வேகாஸ் மேடைக்கு வந்ததும் நடுவர்கள் திணறிப் போனார்கள். அத்தனை தசையை ஒரு பெண் உடலில் அவர்கள் கண்டதில்லை. எட்டாம் இடம் கொடுத்தார்கள். அளவைக் குறை என்றார்கள், அவர் குறைத்தார். கூட்டு என்பது போலத் தீர்ப்புகள் வந்தபோது கூட்டினார். 1991இல் முழு அளவோடு வந்து, லெண்டா மர்ரேயிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்.

2004 டிசம்பரில் ஐஎஃப்பிபி நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. பெண் வீரர்கள் தசை அளவை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். எதிலிருந்து 20 சதவீதம், அதை யார் அளப்பார்கள் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆண்களுக்கு இப்படி ஒரு கடிதம் போகவில்லை. தசை அளவு குறைவாகக் கேட்கும் பிகினி, ஃபிகர் போன்ற பிரிவுகளில் கூட்டம் சேர்ந்தது, விளம்பரமும் அங்கே போனது. பத்தாவது முறையாக ஐரிஸ் கைல் வென்ற 2014ஆம் ஆண்டோடு மிஸ் ஒலிம்பியா நிறுத்தப்பட்டது. அர்னால்டும் ஒலிவாவும் ஒலிம்பியாவில் சேர்ந்து வென்ற எண்ணிக்கைக்குச் சமமான வெற்றிகளை ஒரு பெண் தனியாகக் குவித்த பிரிவு அது!

அப்போது ஜேக் வுட் என்ற தொழிலதிபர் தன் செலவில் பெண்களுக்கான தனிப் போட்டியை 2015 முதல் நடத்தினார். பிரிவு சாகாமல் இருந்தது. வைடரின் பத்திரிகைகள் 2003இலேயே வேறு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தன. 2020இல் ஒலிம்பியா விற்பனைக்கு வந்தபோது அதை வாங்கியவரும் இதே வுட்தான். அந்த ஆண்டே மிஸ் ஒலிம்பியா மேடைக்குத் திரும்பியது, ஆண்ட்ரியா ஷா வென்றார். பெண்களின் தசைக்குச் சந்தை இல்லை என்று ஆறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடையில் மாறியது முதலாளி மட்டும்தான்.